இலைச்சாற்றுக்கும் மருந்துக்கும் நடுவே

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் தன்வந்திரிக்கு ஒரு சந்நிதி உண்டு. கோயிலைச் சேர்ந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்து, அங்கே தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததாக 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அந்த மருத்துவசாலை அவர் காலத்தில் புதிதாகத் தோன்றியதும் அல்ல. 13ஆம் நூற்றாண்டில், ஹொய்சளர் ஆட்சியில் ஏற்பட்டு, படையெடுப்புகளில் சிதைந்து, மீண்டும் எழுந்தது. பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் உள்ள வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு இன்னும் பழையது. கோயில் மருத்துவசாலையில் 15 படுக்கைகள் இருந்ததையும், ஆண்டுதோறும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் எவை என்பதையும் அது பட்டியலிடுகிறது. ஆக, தமிழகத்துக் கோயில்கள் மூலிகைகளைச் சேகரித்து, பக்குவம் செய்து, நோயாளிகளுக்குக் கொடுத்து வந்ததற்குக் கல்லில் சான்று இருக்கிறது. எந்த மருந்து எத்தனை பேரைக் குணப்படுத்தியது என்பதைத்தான் கல்வெட்டுகள் சொல்வதில்லை. அது அவற்றின் வேலையும் அல்ல.

காவிரியைத் தாண்டித் திருச்சிக்குள் வந்தால், தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. 1967இல் தாவரவியலாளரும் இயேசு சபைத் துறவியுமான கே. எம். மேத்யூ தொடங்கியது. செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி, எந்த இடத்தில், எந்த நாளில், யார் எடுத்தது என்று எழுதிவைத்துப் பாதுகாக்கும் இடம் அது. தமிழகச் சமவெளிகளின் தாவரங்களைப் பற்றி 1980களில் வெளிவந்த அவருடைய பெருந்தொகுப்பு இந்த உழைப்பின் விளைவு. ஒரு மூலிகையைப் பற்றிப் பேசும்போது எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை உறுதிசெய்ய இப்படி ஓர் இடம் வேண்டும். ஆக, பயன்பாட்டின் நினைவு ஆற்றுக்கு அந்தக் கரையில். செடியின் அடையாளம் இந்தக் கரையில். ஒட்டுண்ணி நோய்களுக்குத் தாவரங்களிலிருந்து மருந்து கிடைக்குமா என்ற கேள்விக்கு இவை இரண்டும் தேவை. ஆனால் இவை இரண்டும் சேர்ந்தாலும் போதாது. எந்தச் சேர்மம், எவ்வளவு, ஒட்டுண்ணியை மட்டும் கொல்கிறதா என்ற மூன்று கேள்விகள் நடுவே நிற்கின்றன. நம் நாட்டு மூலிகை ஆய்வுகளில் பெரும்பகுதி முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. பலவீனம் செடிகளில் இல்லை, நாம் பாதியில் விட்டுவிடும் பாதையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செடிகளில் மருந்து இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு நல்ல காரணம் உண்டு. செடியால் ஓடித் தப்பிக்க முடியாது. பூச்சி, பூஞ்சை, மண்ணில் வாழும் நூற்புழு என எல்லாவற்றையும் வேதிப்பொருள்களால்தான் அது எதிர்கொள்கிறது. பிற உயிர்களின் நரம்பையும் செல்களையும் தாக்கும் மூலக்கூறுகள் செடிக்குள் குவிந்திருப்பது இதனால்தான். சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பெல்லட்டியர், காவெந்து என்ற வேதியியலாளர்கள் மலேரியா மருந்தான குவினைனைப் பிரித்தெடுத்தார்கள். 1860களில் நீலகிரியில் அரசு சின்கோனாத் தோட்டங்களை வளர்த்தது. அதைவிட முக்கியமான ஒன்று அப்போது சென்னை மாகாணத்தில் நடந்தது. பட்டையில் குவினைனோடு குவினிடின், சின்கோனின், சின்கோனிடின் என மேலும் மூன்று ஆல்கலாய்டுகள் உண்டு. விலையுயர்ந்த குவினைனுக்குப் பதிலாக மற்றவை பயன்படுமா என்று 1866 முதல் 1868 வரை ஒரு குழு சுமார் 3,600 காய்ச்சல் நோயாளிகளிடம் சோதித்தது. நான்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோல வேலை செய்ததாகக் கண்டது. மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்ததற்கும், அதைக் கொசுவின் உடலில் 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டதற்கும் முந்தைய காலம் அது. இன்றைய அளவுகோலில் குறைகள் இருக்கலாம். ஆனால் மரப்பட்டையைப் பற்றிப் பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், எந்தப் பொருள், எந்த அளவில், எத்தனை பேருக்கு என்று கேட்ட சோதனை இதே மண்ணில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

அதே ஒழுக்கத்தைச் சீனாவில் டூ யூயூ என்ற ஆய்வாளரின் குழு பின்பற்றியது. மலேரியாவுக்கு மருந்து தேடும் இரகசியத் திட்டம் 1967இல் தொடங்கியது. அவருடைய குழு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்து முறைகளைத் திரட்டி, சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380க்கும் அதிகமான சாறுகளை எலிகளில் சோதித்தது. மாசிப்பத்திரியின் பேரினத்தைச் சேர்ந்த ஆர்ட்டெமிசியா அன்னுவா ஒருமுறை நல்ல பலன் தந்தது, அடுத்தமுறை தரவில்லை. 4ஆம் நூற்றாண்டு மருத்துவரான கே ஹாங் அந்தச் செடியைக் கொதிக்க வைக்கச் சொல்லாமல், நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னது டூவுக்கு உறைத்தது. குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரில் சாறெடுத்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளின் ஒட்டுண்ணிகளை முழுமையாக ஒழித்தது. மறு ஆண்டு அதிலிருந்து ஆர்ட்டெமிசினின் தனிப்பொருளாகப் பிரிக்கப்பட்டது. 2015இல் டூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய ஏடு டூவுக்கு ஒரு துப்பைத் தந்தது. அந்தத் துப்பைப் பயன்படுத்த அவருக்கு நூற்றுக்கணக்கான தோல்விகளின் குறிப்பேடும் தேவைப்பட்டது. நம் குடிநீர்கள் பெரும்பாலும் கொதிக்கவைத்து வற்றவைக்கப்படுபவை. வெப்பத்தில் எந்தச் சேர்மம் தாங்கும், எது சிதையும் என்பதை ஒவ்வொரு மூலிகைக்கும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

ஆர்ட்டெமிசினின் ஏன் ஒட்டுண்ணியைத் தாக்கி மனிதனை விட்டுவிடுகிறது என்பதும் தெரிந்துகொள்ளத்தக்கது. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. அப்போது இரும்புள்ள ஹீம் வெளிப்படுகிறது. ஆர்ட்டெமிசினின் மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் பாலம்போல் இணைந்திருக்கின்றன. இரும்பு பட்டதும் அந்தப் பாலம் உடைந்து, வெளிவரும் துடிப்பான துண்டுகள் ஒட்டுண்ணியின் புரதங்களைச் சிதைக்கின்றன. ஒட்டுண்ணியின் சாப்பாடே அதற்கு வினையாகிறது. இத்தகைய தனித்த பலவீனம் கிடைத்தால்தான் ஒரு நஞ்சு மருந்தாகும். புழுக்களிடம் அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். புழு ஒற்றைச் செல் உயிர் அல்ல. தசையும் நரம்பும் குடலும் உள்ள விலங்கு. அதன் செல்லியக்கத்தின் பெரும்பகுதி நம்முடையதைப் போன்றதுதான். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்த ஐவர்மெக்டின், மனிதரிடம் இல்லாத ஒருவகைக் குளோரைடு வாயிலைப் புழுக்களின் நரம்பிலும் தசையிலும் திறந்துவிடுகிறது. அந்த வேறுபாடுதான் அதைப் பயன்படத்தக்க மருந்தாக்கியது.

காவிரிப் படுகைக்கு நன்கு பழக்கமான புழுநோய் யானைக்கால். கும்பகோணத்தின் பெயரோடு சேர்த்தே ஒரு காலத்தில் அது பேசப்பட்டது. வுச்செரேரியா பான்கிராஃப்டி என்னும் இழைப்புழு நிணநீர்க் குழாய்களில் குடியிருந்து, நுண்ணிய குஞ்சுகளை இரவில் இரத்தத்துக்குள் அனுப்புகிறது. சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அவற்றை ஏந்திச் செல்கிறது. 1947 முதல் நம்மிடம் டைஎத்தில்கார்பமசின், அதாவது டிஇசி, இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களிலும், 2004 முதல் நாடு முழுவதும் நோயுள்ள பகுதிகளிலும் ஆண்டுக்கொருமுறை மாத்திரை கொடுத்ததில் பரவல் பெரிதும் குறைந்தது. ஆனாலும் இந்த மாத்திரைகள் இரத்தத்திலுள்ள குஞ்சுகளை அழிக்கும் அளவுக்கு முதிர்ந்த புழுக்களை அழிப்பதில்லை. முதிர்ந்த புழு 6 முதல் 8 ஆண்டுகள் வாழ்ந்து மறுபடி குஞ்சு பொரிக்கிறது. ஊர் முழுவதும் ஆண்டுதோறும் மாத்திரை விழுங்க வேண்டியிருப்பது அதனால்தான். முதிர்ந்த புழுவைக் குறுகிய காலத்தில், ஆபத்தில்லாமல் கொல்லும் மருந்து இன்றும் தேவைப்படுகிறது. ஆகவே செடிகளில் தேடுவது வீண் வேலை ஆகாது. காலியாக இருக்கும் ஓர் இடத்தை நிரப்பும் முயற்சி அது.

அப்படியென்றால் ஏன் கிடைக்கவில்லை? ஆய்வுக்கூடத்தில் புழுவைக் கொன்ற சாறுகளுக்குப் பஞ்சமே இல்லையே என்று கேட்கலாம். விடை ஓர் எளிய கணக்கில் இருக்கிறது. ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற செறிவில் ஒரு சாறு கிண்ணத்திலுள்ள புழுவைக் கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மனித உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. அதே செறிவு இரத்தம் முழுவதும் வர வேண்டுமானால் 5 கிராம் சாற்றுப்பொடி துளியும் சிதையாமல், கழியாமல், ஒரே நேரத்தில் இரத்தத்தில் இருந்தாக வேண்டும். மருந்து இரத்தத்தோடு நிற்காமல் உடலின் ஏறக்குறைய 40 லிட்டர் நீரிலும் பரவினால் 40 கிராம் வேண்டும். குடல் உறிஞ்சாததும், கல்லீரல் உடைத்துவிடுவதும் போக இந்த அளவு. இதற்கு எதிரே ஆர்ட்டெமிசினின் ஒரு மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் அளவிலேயே மலேரியா ஒட்டுண்ணியைத் தடுக்கிறது. இலட்சக்கணக்கான மடங்கு வேறுபாடு. மிகுந்த செறிவில் உப்பும் சோப்பும்கூடப் புழுவைக் கொல்லும். அதனால் ஒரு சாறு கொன்றது என்ற செய்தி மட்டும் நமக்கு எதையும் சொல்வதில்லை. எந்த அளவில் கொன்றது, அதே அளவில் மனிதச் செல்லுக்கு என்ன ஆனது என்ற விகிதமே முக்கியம்.

மஞ்சளின் குர்குமின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. பத்மநாபன் குழுவினர் இரண்டாயிரங்களின் நடுவில் குர்குமினை ஆர்ட்டெமிசினின் வகை மருந்தோடு சேர்த்துக் கொடுத்து, மலேரியா தொற்றிய எலிகளைக் காப்பாற்றினார்கள். அது ஒழுங்காகச் செய்யப்பட்ட, நம்பிக்கை தந்த வேலை. ஆனால் வாய்வழி 8 கிராம் குர்குமின் கொடுத்தாலும் மனித இரத்தத்தில் மிகக் குறைவான அளவே தென்படுகிறது என்பதுதான் அதற்கு இருக்கும் பெரிய தடை. வேம்பு போன்ற மீலியேசி குடும்ப மரங்களில் காணப்படும் கெடுனினும் அப்படியே. சோதனைக்குழாயில் மலேரியா ஒட்டுண்ணியை நன்றாகவே தடுக்கும் அது, எலியின் உடலுக்குள் போனதும் சிதைந்து வலுவிழக்கிறது. இவை தோல்விகள்தான். ஆனால் எங்கே தோற்றது என்று தெரிந்த தோல்விகள். உறிஞ்சுதலா, சிதைவா, நச்சா என்று தெரிந்தால் மூலக்கூறை மாற்றியமைக்கலாம். ஆர்ட்டெமிசினினிலிருந்து ஆர்ட்டிசுனேட்டும் ஆர்ட்டிமீத்தரும் அப்படித்தான் பிறந்தன.

நிலவேம்பின் கதை வேறு மாதிரி. தமிழக அரசு காய்ச்சல் காலங்களில் வீதிவீதியாகக் கொடுத்த ஒன்பது சரக்குக் குடிநீரில் அதுவே தலைச்சரக்கு. அந்தக் குடிநீர் குறிவைத்த டெங்குவும் சிக்குன்குனியாவும் வைரஸ் நோய்கள். ஒட்டுண்ணிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆனால் 1982இலேயே இந்திய ஆய்வாளர்கள் நிலவேம்புச் சாறு இழைப்புழுக் குஞ்சுகளைக் கொல்வதையும், தொற்றிய நாய்களின் இரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைப்பதையும் வெளியிட்டார்கள். யானைக்கால் புழுவின் உறவுப் புழு அது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. எந்தச் சேர்மம் காரணம், முதிர்ந்த புழுவுக்கு என்ன ஆகிறது, மனிதருக்குப் பொருந்தும் அளவு என்ன என்ற கேள்விகளுக்கு முடிவான விடை கிடைக்கவில்லை; ஒரு யானைக்கால் மருந்தும் அதிலிருந்து வரவில்லை. டெங்குவுக்காக அதே செடிக்குக் கிடைத்த விளம்பரத்தில் சிறு பங்கு ஆய்வு இந்தக் கேள்விக்குப் போயிருந்தால், ஆம் என்றோ இல்லை என்றோ இன்று சொல்லியிருக்க முடியும்.

புழுவை விட்டுக் கொசுவைத் தாக்கலாமே என்பது இன்னொரு வழி. இலைச்சாற்றையும், அதைக்கொண்டு செய்த வெள்ளி நுண்துகள்களையும் கொசுப் புழுக்கள் மேல் சோதிக்கும் ஆய்வுகள் தமிழகப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஏராளமாக வருகின்றன. பீக்கரில் தெளிந்த நீரில், 24 மணி நேரத்தில் பாதிக் கொசுப்புழுக்களைக் கொல்லும் அளவு என்ன என்று கணக்கிடுவது முறையான தொடக்கம். ஆனால் திருச்சி நகருக்குள் ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலோ, அதில் வந்து சேரும் சாக்கடையோ பீக்கர் அல்ல. வேம்பின் அசாடிராக்டின் வெயிலில் சிதைகிறது. கழிவுநீரின் சேறும் கரிமப் பொருளும் சாற்றை ஈர்த்துக்கொள்கின்றன. ஓடும் நீர் அதை அடித்துச் செல்கிறது. புதுச்சேரியின் நோய்ப் பரப்பிக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் வளர்த்தெடுத்த பாசில்லஸ் வகைப் பாக்டீரியா மருந்து ஏற்கெனவே களத்தில் இருக்கும்போது, புதிய இலைச்சாறு அதனோடு விலையிலும் நீடிப்பிலும் போட்டியிட்டாக வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத வெற்றி பீக்கருக்குள்ளேயே தங்கிவிடும்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும்: ஆயிரம் ஆண்டுப் பயன்பாட்டைவிடப் பெரிய சோதனை என்ன இருக்கிறது? இதை ஒதுக்கித் தள்ளக்கூடாது. குடலிலிருந்து வெளியேறும் நாடாப்புழுவையும் உருண்டைப்புழுவையும் கண்ணால் பார்க்க முடியும். வாய்விளங்கமும் புரசு விதையும் புழுவுக்குக் கொடுக்கப்பட்டதில் நேரடிக் கவனிப்பு இருக்கிறது. அந்த மரபுத் துப்புகளுக்கு மதிப்பு அதிகம். ஆனால் மலேரியாக் காய்ச்சல் விட்டுவிட்டு வருவது. ஏதோ ஒரு கஷாயம் குடித்த மறுநாள் காய்ச்சல் இறங்குவது கஷாயத்தால்தானா என்று ஒரு வைத்தியரின் நினைவு பிரித்தறிய முடியாது. யானைக்கால் வீக்கமோ தொற்றி ஆண்டுகள் கழித்து வருவது. இரத்தத்திலுள்ள புழுக்குஞ்சு நுண்ணோக்கி இல்லாமல் தெரியாது. கொசுவுக்குள் அது வளர்வதை மருத்துவர் மேன்சன் 1877இல்தான் கண்டார். கண்ணுக்குத் தெரிந்ததைப் பற்றி மரபு சொல்வதை அதிகமாகவும், தெரியாததைப் பற்றிச் சொல்வதைக் குறைவாகவும் எடுத்துக்கொள்வது மரபுக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது.

இயற்கையானது கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கைக்கு ஆடுதின்னாப்பாளையே பதில். குடற்புழுவுக்கு நாட்டு வைத்தியத்தில் பேர்பெற்ற அந்தக் கொடி, அரிஸ்டோலோக்கியா பேரினத்தைச் சேர்ந்தது. அப்பேரினத்தின் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கிறது, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்குகிறது. 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கும் மூலிகை மாத்திரையில் இது கலந்ததில் பலருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைச் சந்தேகத்துக்கிடமற்ற புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியிருக்கிறது. தீங்கு பல ஆண்டுகள் கழித்துத் தெரிவதால், தலைமுறைகளாகக் கொடுத்தவர்கள் கண்களுக்கு அது தப்பியது இயல்பே. பாக்கிலுள்ள அரெக்கோலின் நாய்களின் நாடாப்புழுவை வெளியேற்றப் பயன்பட்டது உண்மை. பாக்கு மெல்வது வாய்ப்புற்றை வரவழைப்பதும் உண்மை. புழுவைக் கொல்லும் திறனும் நம்மைப் பாதிக்கும் திறனும் ஒரே செடியில் இருப்பது விதிவிலக்கல்ல. செடியின் தற்காப்புக்கு யாரைக் கொல்லக்கூடாது என்ற கவலை கிடையாது.

தனிச்சேர்மமாகப் பிரிப்பதே தவறு, முழுச்செடியின் கூட்டுச்செயலில்தான் குணம் என்பது அடுத்த வாதம். கூட்டுச்செயல் கற்பனை அல்ல; கெடுனினோடு டில்லபியோல் என்ற மற்றொரு தாவரப்பொருளைச் சேர்த்தபோது அதன் சிதைவு தடைபட்டு எலிகளில் செயல் கூடியது. ஆனால் அது அளந்து காட்டப்பட்டதால்தான் நமக்குத் தெரியும். அளக்காத கூட்டுச்செயலுக்கு ஆர்ட்டெமிசியாத் தேநீர் எச்சரிக்கை. இலைக்கு இலை அளவு மாறும் அந்தத் தேநீரை மலேரியாவுக்குப் பயன்படுத்துவதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஆதரிக்க மறுத்தது. ஒட்டுண்ணியை முழுவதும் கொல்லாத அளவு மருந்து, எதிர்ப்புள்ள ஒட்டுண்ணிகளைத்தான் வளர்த்துவிடும். தென்கிழக்காசியாவிலும், பின்னர் ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் ஆர்ட்டெமிசினினுக்கு ஓரளவு எதிர்ப்பு ஏற்கெனவே தென்பட்டுவிட்ட நிலையில் இது சிறிய ஆபத்து அல்ல. நம் ஊர்ச் சரக்குகளிலும் இதே சிக்கல் உண்டு. பற்படாகம் என்று தமிழகத்தில் ஒரு செடியும், கேரளத்தில் வேறொன்றும், வடக்கே இன்னொன்றும் விற்கப்படுகின்றன. எந்தச் செடி என்றே ஒத்துப்போகாதபோது, அதன் கூட்டுச்செயலைப் பற்றிப் பேச அடிப்படையே இல்லை.

மருந்தே எதற்கு, சுத்தம் போதாதா என்றும் கேட்கலாம். நரம்புச்சிலந்திப் புழுநோயை இந்தியா ஒழித்தது எந்த மருந்தாலும் அல்ல. படிக்கட்டுக் கிணறுகளை மாற்றி, தண்ணீரை வடிகட்டக் கற்றுக்கொடுத்துத்தான் அதை ஒழித்தோம். 1996இல் கடைசி நோயாளி, 2000இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று. மூடிய சாக்கடையும் நல்ல கழிப்பறையும் எந்தச் செடியையும்விட நம்பகமானவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஏற்கெனவே உடலுக்குள் இருக்கும் புழுவைச் சாக்கடை மூடி கொல்லாது. பெரிய மருந்து நிறுவனங்கள் ஏழைகளின் நோய்க்குப் பணம் போடத் தயங்குவதும் உண்மையே. அந்தக் காரணத்தால்தான் அரசுக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இந்த வேலையைக் கையிலெடுக்க வேண்டியிருக்கிறது. நிதி குறைவு என்பது தளர்ந்த சோதனைக்குச் சாக்காகக் கூடாது. குறைந்த பணத்தில் முதலில் கேட்க வேண்டியது மிகக் கடினமான கேள்வியை.

திருச்சியில் அதற்கு வேண்டிய உறுப்புகள் சிதறிக்கிடக்கின்றன. செடியை உறுதிசெய்ய ராபினாட் ஹெர்பேரியம், வேதியியலுக்குப் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் அதன் கல்லூரிகளும், நோயாளிகளைப் பார்க்கும் அரசு மருத்துவமனை, சித்த மருத்துவர்கள். இவை ஒரு சங்கிலியாக வேலை செய்தால் விதிகள் சில போதும். மாதிரியொன்று ஹெர்பேரியத்தில் வைக்கப்படாத செடியைப் பற்றி எந்த முடிவும் வெளியிடக்கூடாது. மனிதச் செல்லில் நச்சை அளக்காமல் புழுவைக் கொன்றதாகச் சொல்லக்கூடாது. டிஇசி, அல்பெண்டசோல் போன்ற ஏற்கெனவே உள்ள புழு மருந்து ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் இல்லாமல் எந்தச் சாற்றையும் சோதிக்கக்கூடாது. ஒரு வரம்புக்கு மேல் செறிவு தேவைப்படும் சாற்றை வேலை செய்யாதது என்று எழுதி, அதையும் அச்சிட வேண்டும். இந்த நான்கையும் கடைப்பிடித்தால் வெற்றிச் செய்திகளின் எண்ணிக்கை சட்டென்று சரியும். முனைவர் பட்டங்கள் சில தாமதமாகும். ஆனால் மிஞ்சி நிற்கும் இரண்டோ மூன்றோ சேர்மங்களை எலிக்கும், பிறகு மனிதருக்கும் எடுத்துச் செல்லப் பணம் கேட்கும்போது, கொடுப்பவர் மறுக்க முடியாத சான்று கையில் இருக்கும்.